கட்டிப் போட்ட பக்கெட்

எங்கள் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அந்த நாற்காலியில் இருந்த காலம் முழுவதும் அங்கே விபத்து என்று ஒன்று நடந்ததே இல்லை. வாசலில் பலகை வைத்து அதைப் பெருமையாக எழுதியும் போட்டிருந்தார்கள். இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்தவன் சொந்தக் காரணத்துக்காக விடுப்பில் இருந்தான். ஏணியிலிருந்து விழுந்தவன் சாப்பாட்டு இடைவேளையில் விழுந்தான். இடைவேளையில் விழுந்தால் அது தொழிற்சாலையின் பொறுப்பல்ல, புவியீர்ப்பின் பொறுப்பு.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வீட்டைப் பாதுகாக்க ஆரம்பித்தார். அக்கா அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்று ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டார். யாரும் வழுக்கி விழக்கூடாதென்று குளியலறை வாசலில் மிதியடி போட்டார். அந்த மிதியடி தடுக்கி அவரே விழுந்தார். "எங்கேயாவது போய் எதையாவது பிடிங்க, என் உயிரை விடுங்க" என்றாள் அக்கா. அவர் போய் மீன் பிடித்தார்.

ஊர் ஓரத்தில், ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவரைத் தாண்டினால் கடற்பாறைகள். மேலே, அந்தச் சுவரை ஒட்டி ஒரு திட்டு, நாலைந்து பேர் சாவகாசமாக உட்காரலாம். அதற்குப் பால்கனி என்று பெயர். அங்கிருந்து படிபோல் இறங்கும் பாறைகள் முடிகிற இடத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு தட்டையாக ஒரு பாறை. அதற்கு மேஜை என்று பெயர். மேஜைமேல் நின்று தூண்டில் வீசினால் நல்ல மீன் விழும். அசந்தால் வீசியவனும் விழுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானோடு போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். எதிராளியின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டே பழகியவர் என்பதால், யாருடைய பதிலையும் எதிர்பார்க்காமல் பேசுவார். இன்னொருவர் தையற்காரர். இஞ்ச் டேப் என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அது அவர் கழுத்தில்தான் தொங்கும். பிடித்த மீனை அளக்க வேண்டுமே. இவர்களுக்குப் பின்னால் நான். எனக்கு மீனிலும் ஈடுபாடில்லை, தூண்டிலிலும் இல்லை. டீ பிளாஸ்க் என் பொறுப்பு. முழங்கால் வலி காரணமாக நான் பால்கனியைவிட்டுக் கீழே இறங்குவதில்லை. கடலைப் பார்த்தால் மட்டும் வருகிற வலி அது.

இப்போது பக்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அலை எப்போது ஆபத்து, எப்போது இல்லை என்று தீர்மானிக்க அத்தான் ஒரு சோதனையைக் கண்டுபிடித்திருந்தார். நியாயமாகச் சொன்னால், ஆரம்பத்தில் அது நல்ல சோதனைதான். காலிப் பக்கெட் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரும் பால்கனிக்கு ஏறிவிட வேண்டும். டீயை ஊற்றி, ஆற்றி, மெதுவாகக் குடிக்க வேண்டும். கடல் எப்போதும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. கொஞ்ச நேரம் சாதுவாக இருக்கும். அப்புறம் பெரிய அலைகள் கூட்டமாகக் கிளம்பி வரும். நிதானமாக டீ குடித்தால் முடிப்பதற்குள் அந்தக் கூட்டம் ஒருமுறையாவது வந்து போய்விடும். அப்போதும் பக்கெட் நின்றால் இறங்கலாம். போய்விட்டால் வீட்டுக்குப் போகலாம். பக்கெட்டை வைக்க இறங்குகிறவன்மேல் அலை அடித்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. ஒரே சோதனையில் எல்லாவற்றையும் சோதிக்க முடியுமா?

முதல் பக்கெட் போனது, திரும்பி வந்தார்கள். இரண்டாவதும் போனது, திரும்பி வந்தார்கள். அடுத்தது, குளியலறையிலிருந்து அக்காவுக்குத் தெரியாமல் எடுத்துப்போன நீல நிறப் பக்கெட். அதுவும் போனபோது அக்கா பேசிய பேச்சுக்கு அந்த அலையே தேவலை என்று ஆகிவிட்டது.

"மீனும் இல்ல, பக்கெட்டும் இல்ல. நீங்க கடல்லேருந்து எடுக்கறதுக்குப் போறீங்களா, கடலுக்குக் குடுக்கறதுக்குப் போறீங்களா?"

அடுத்த வாரம் பல் டாக்டர், பக்கெட்டுக்குள் நாலு கல்லைப் போட்டு வைத்தால் என்ன என்றார். போட்டார்கள். அதற்கும் அடுத்த வாரம் இஞ்ச் டேப் நைலான் கயிறு கொண்டுவந்து, எந்தக் காலத்திலோ படகு கட்டுவதற்காக மேஜை ஓரத்தில் அடித்து வைத்திருந்த இரும்பு வளையத்தோடு பக்கெட்டைக் கட்டிவிட்டார். தையற்காரர் போட்ட முடிச்சு, லேசில் அவிழுமா? அதற்குப் பிறகு கடல் ஒருநாள்கூட ஆபத்தாக இருந்ததில்லை.

"எதுக்கும் ஒரு சிஸ்டம் வேணும் மச்சான்" என்பார் அத்தான் என்னிடம், நின்றுகொண்டிருக்கும் பக்கெட்டைக் காட்டி.

இந்த நிலைமையில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணமாகி வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரார் பெற்ற பிள்ளைகள் தன்னைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். தெருவைக் கடக்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், இன்னொரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பார். அத்தானுக்கு இது பொறுக்கவில்லை. நேரில் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'; முதுகுக்குப் பின்னால் 'ரெண்டு பிரேக்கு'. கொஞ்ச நாளில் முதுகு திரும்பும்வரை காத்திருப்பதையும் விட்டுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, இந்த வாரமாவது பாறைக்கு வர்றீங்களா, இல்ல இன்னும் பிரேக்குலேருந்து காலை எடுக்கலையா?"

மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் மனிதனை உரித்துத் தொங்கவிடுவது எங்கள் அத்தானுக்குக் கைவந்த கலை. மாப்பிள்ளை சில வாரம் சாக்குச் சொன்னார். சாக்கு தீர்ந்துபோன வாரம், வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகள் என் கடைக்கு வந்தாள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பிள்ளை உண்டாகி, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது அவளுக்கு. வேண்டாத ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்ப்பதும் கழற்றுவதுமாக, கடையிலிருந்தவர் போகும்வரை நின்றாள்.

"மாமா, இவருக்கு நீச்சல் தெரியாது."

"உங்கப்பாகிட்ட சொல்லிடச் சொல்லு."

"அப்பாகிட்டயா? பேரன் பேத்திக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாரே. இவர் என்னன்னா, 'ஒரு தடவை இறங்கிட்டா வாயை மூடிக்குவார், இறங்கிட்டு வந்துடறேன்'ங்கறார். நீங்கதான் மாமா இவரை அந்தக் கீழ்ப்பாறைக்கு விடாம பாத்துக்கணும்."

"என் பேச்சை யாரும்மா கேப்பாங்க? நான் அங்க டீக்காரன்."

"அப்ப உங்க முழங்கால் வலில பாதியை இவருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மடித்து வைத்தாள். அப்படியே அவள் அம்மா.

மறுநாள் காலை கடல் எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று கிடந்தது. காற்றில்லை, நுரையில்லை. தூரத்தில் எங்கேயாவது புயலடித்து ஓய்ந்தால் இங்கே கடல் இப்படித்தான் கிடக்கும். பார்வைக்குச் சாது, தண்ணீருக்கடியில் யாரோ பெரிய ஆள் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒரு அசைவு. ஐஸ் தொழிற்சாலைச் சுவரோரம் சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள்.

"கொடி போட்டிருக்காங்களே மாமா" என்றார் மாப்பிள்ளை.

"அது குளிக்கறவங்களுக்கு. நாம என்ன சோப்பும் துண்டுமாவா வந்திருக்கோம்?"

இஞ்ச் டேப் இறங்கிப் போய்ப் பக்கெட்டைக் கட்டிவிட்டு ஏறி வந்தார். நான் டீ ஊற்றினேன். மாப்பிள்ளை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பாறையையே பார்த்தார். மேஜைக்கு மேலே ஆள் உயரம்வரை பாறை நனைந்து கறுத்திருந்தது. அதற்கு மேல்தான் வெளுப்பு.

"ராத்திரி பனி" என்றார் பல் டாக்டர், யாரும் கேட்காமலே.

"பனி ஒரு உயரத்துக்கு மேல பெய்யாதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

பல் டாக்டர் இதுவரை அவருக்கு மருத்துவம் பார்க்காததற்காக வருத்தப்படுகிறவர்போல் ஒரு பார்வை பார்த்தார்.

அத்தான் டீயை இரண்டே மடக்கில் முடித்தார். வர வர அவர்கள் டீ குடிக்கும் வேகம் கூடிக்கொண்டே போனது. எப்படியும் தேறிவிடப் போகிற பரீட்சைக்கு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? "சரி, பக்கெட் நிக்குது. கிளம்புவோம்" என்று அவர் எழுந்தபோதுதான் கடல் புரண்டது. சத்தமில்லாமல் ஒரு மேடு வந்து, மேஜைமேல் ஏறி, அந்தப் பக்கம் வழிந்தது. பக்கெட் கண்ணிலிருந்து மறைந்தது. தண்ணீர் இறங்கியதும் பாறை விளிம்புக்கு வெளியே, கயிற்று நுனியில், தூக்கில் போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அலை அதைத் தூக்கி மறுபடி மேஜைமேல் எறிந்தது.

"பாத்தீங்களா? இருக்கு" என்றார் அத்தான்.

"படுத்திருக்கே?" என்றார் இஞ்ச் டேப்.

"படுத்தா என்ன, உக்காந்தா என்ன? போகல இல்ல?"

"ரூல்படி போனாத்தான் கணக்கு" என்றார் பல் டாக்டர். "போகல."

மாப்பிள்ளை தம்ளரைக் கீழே வைத்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. கயிறு கட்டலைன்னா?"

"கட்டியிருக்கோமே."

"அதான், கட்டலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"கட்டலைன்னா போயிருக்கும். போயிருந்தா உங்க மாமியார் என்னைக் கொன்னுருப்பா. அதுக்குத்தான் கட்டியிருக்கு." இவ்வளவு தெளிவாக விளக்கியும் புரியவில்லையே என்ற அலுப்பு அத்தான் முகத்தில் தெரிந்தது. "மாப்பிள்ளை, நான் எத்தனையோ ஆயிரம் பேரோட உயிருக்குப் பொறுப்பா இருந்தவன். பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லுங்க. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். மச்சான்கூட உக்காந்து டீ ஊத்துங்க, அதுவும் ஒரு வேலைதானே."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. தூண்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.  அக்கா மகள் முகம் கண்முன்னால் வந்து நின்றது. என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல், "ஐயையோ, முழங்காலு" என்று கத்திவிட்டேன். யாரும் திரும்பவில்லை, ஞாயிறு தோறும் கேட்பதுதானே.

ஆனால் மாப்பிள்ளை இரண்டடி வைத்து நின்றார். தூண்டிலைச் சுவரில் சாய்த்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது மாமா. நான் இறங்கல."

அத்தான் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்னென்ன வந்திருக்குமோ, அதற்குள் இஞ்ச் டேப் குறுக்கிட்டார். "எனக்கும் தெரியாதுங்க" என்றார், பேருந்தில் யாரோ இறங்குவதைப் பார்த்துத் தானும் இறங்குகிறவர்போல.

"உனக்குமா? இத்தனை நாளா எப்படிய்யா இறங்கினே?"

"நீங்கல்லாம் இருக்கீங்கங்கற தைரியம்தான்."

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தோம். அவர் சின்ன வயதில் ஒரு குளத்தில் இறங்கியிருப்பதாகவும், அது இடுப்பளவுதான் என்றும் சொன்னார். கடைசியில் எல்லோர் கண்களும் அத்தான்மேல் வந்து நின்றன. அவர் தொண்டையைச் செருமினார்.

"நாம மீன் பிடிக்க வந்தோமா, மீனா ஆகறதுக்கு வந்தோமா? நீச்சல் எதுக்கு? நாலு ஆம்பளைங்க, ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்ல. நான் போறேன்."

போய்விட்டார். "வேணாம் அத்தான்" என்று நான் கூப்பிட்டது அவர் முதுகில் பட்டுத் திரும்பி வந்தது. மேஜையில் இறங்கி, முதல் காரியமாகக் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டை நிமிர்த்தக் குனிந்தார். சாட்சி படுத்துக் கிடந்தால் வழக்கு நிற்குமா? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்து, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு சொல்லுங்க!" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் எழுந்ததை நாங்கள் பார்த்தோம். சொல்ல அவகாசமில்லை.

தண்ணீர் அவரை உட்காரவைத்து, படுக்கவைத்து, அரைக்கிற மாதிரி பாறைமேல் இழுத்துக்கொண்டு போனது. கைக்கு அகப்பட்டது பக்கெட் ஒன்றுதான். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார். அலை இறங்கியபோது எங்கள் அத்தான் மேஜை விளிம்பில், கால் இரண்டும் கடலுக்குள், பக்கெட்டைப் பிள்ளைபோல் அணைத்தபடி கிடந்தார். கயிறு விறைத்து நின்றது.

"மாப்பிள்ளை! வாங்க மாப்பிள்ளை!"

ஆயிரம் பேர் உயிருக்குப் பொறுப்பாக இருந்த குரல் அது. முதலில் ஓடியவர் இஞ்ச் டேப். மாப்பிள்ளை பாய்ந்து, அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"விடுங்க, என்ன நீங்க! ஆள் போயிடுவாரு!"

"பின்னாடி பாருங்க. இன்னும் வருது."

அப்போதுதான் நானும் பார்த்தேன். தூரத்தில், வழவழவென்ற கடல்மேல், கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். முதல் கோடு வந்து மேஜையை விழுங்கி, படிப்பாறைகள்மேல் ஏறியது. இஞ்ச் டேப் இறங்கியிருந்தால் எந்தப் பாறையில் இருந்திருப்பாரோ, அந்தப் பாறை காணாமல் போய்த் திரும்பி வந்தது. இஞ்ச் டேப் பால்கனிச் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை! கை வழுக்குது!"

"பிடிச்சுக்கோங்க மாமா. தலையைக் குனிஞ்சுக்கோங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

"அடப்பாவி, ஒண்ணு இருக்காம்ல!"

மாப்பிள்ளை நகரவில்லை. முகத்தில் ரத்தமில்லை, ஆனால் கண்ணை அந்தக் கோடுகளைவிட்டு எடுக்கவில்லை. வலது கால் மட்டும் பாறையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே பிரேக் இருக்கிறமாதிரி. "போங்க சார், போங்க, மனுஷனா நீங்க!" என்று பல் டாக்டர் பின்னாலிருந்து கத்தினார். தான் போவதாக மட்டும் அவர் சொல்லவில்லை. இன்னொரு அலை வந்தது. அது இறங்கியபோதும் அத்தான் இருந்தார். மாப்பிள்ளை மறுபடி தூரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கோடு இல்லை.

"சின்ன மாமா, என் பெல்ட்டைப் பிடிச்சுக்கோங்க. இப்ப."

நானும் இறங்கினேன். முழங்கால் வலி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. மேஜைக்கு முந்தின பாறையில் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்தார். முகம் கடலைப் பார்த்தபடியே இருக்க, மீன் அள்ளுகிற நீளக் கைப்பிடி வலையை அத்தானிடம் நீட்டினார். அத்தான் பக்கெட்டை விடமாட்டேன் என்றார். "அதை விட்டாத்தான் மாமா இதைப் பிடிக்க முடியும்." மனசில்லாமல் ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையை. தவழ்ந்தும் இழுபட்டும் மேலே வந்து சேர்ந்தார். நாங்கள் பால்கனியில் விழுந்து மூச்சு வாங்கியபோது கீழே அடுத்த கூட்டம் வந்து அடித்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அத்தானுக்கு மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நேரம்?"

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கால், முழங்கை, நெற்றி எல்லாவற்றிலும் கட்டுப் போட்டார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி கீறியிருந்தது. அக்காவும் அக்கா மகளும் வந்து சேர்ந்தார்கள். மகள் முதலில் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம்தான் அப்பாவிடம் போனாள். கேட்க ஆள் கிடைத்ததும் அத்தான் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"நான் அங்க சாகக் கிடக்கேன். வாங்க மாப்பிள்ளை, வாங்க மாப்பிள்ளைன்னு தொண்டை கிழியக் கத்தறேன். இவர் மேல நின்னு கடலை வேடிக்கை பாக்கறார். இவங்களைக் கேளு."

"உடனே போயிருந்தா இந்தக் காயத்துல பாதிகூட இருந்திருக்காது" என்றார் பல் டாக்டர்.

"நான் போறேன்னுதான் கிளம்பினேன். இவர்தான் பிடிச்சு வச்சுக்கிட்டார்" என்றார் இஞ்ச் டேப், கழுத்தைத் தடவிக்கொண்டே.

மாப்பிள்ளை ஈரச் சட்டையோடு சுவரோரம் நின்றார். அவருக்காக நான்தான் பேசினேன். கொடி, நனைந்த பாறை, கயிறு, நீச்சல், பின்னால் வந்த அலைகள், எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். கயிறு என்றதும் அத்தான் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார்.

"கயிறு! அதைச் சொல்லு. அந்தக் கயிறு இல்லாட்டி நான் இன்னைக்கு இல்ல. சிஸ்டம் வேலை செஞ்சுதா இல்லையா? மனுஷங்கதான் வேலை செய்யல."

அக்கா அதுவரை அவர் தலைமயிரில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க மாப்பிள்ளை?"

"கடைசி அலை போற வரைக்கும், அத்தை."

"கேட்டியா?" என்றார் அத்தான். "அவர் வாயாலயே சொல்றார் பாரு."

"கேட்டேன், கேட்டேன்." அக்கா போர்வையை இழுத்து அவர் வாய்வரை மூடினாள். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம் மாப்பிள்ளை. அவசரப்பட்டுட்டீங்க."